ஞாயிற்றுக்கிழமை ஊர்கள்

பொலோனியா, பிப்ரவரி 24, 2003

அன்புள்ள லுட்மிலா அக்காவுக்கு,

வியோரிகா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் ஊருக்கு வரும் துடோரின் வேனில் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். காபித் தூள், சலவைத் தூள், உன் மகன் டோரினுக்குக் காலணி. சின்னதாக இருந்தால் அவன் பாதத்தைத் திட்டு. நான் அளவு கேட்டு நீ பதில் எழுதுவதற்குள் அது வளர்ந்திருக்கும்.

வேலை அதேதான். சிஞோரா டிர்ச்சேவுக்கு இடுப்புக்குக் கீழே எண்பத்து நான்கு வயது, வாய்க்கு மட்டும் இருபது. தூக்குகிறேன், துடைக்கிறேன், ஊட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மகன் இவானோ வந்து உட்கார்ந்துகொள்வார். இரவு வரை எனக்கு விடுமுறை. என் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அவரும் நானும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அழைப்பு வரும் என்கிறார்கள். அதுவரை சட்டப்படி நான் பாதி ஆள்.

உனக்குச் சொல்ல வந்தது வேறு. ஒரு வருடமாக ஞாயிறு வந்தால் நம் நாட்டு வேன்கள் நிற்கும் திடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நம் நாட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கேதான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு என் கிழவி இப்படி, உன் கிழவி அப்படி. ஆறு நாள் ஒரு கிழவியோடு இருந்துவிட்டு ஏழாம் நாள் இருபது கிழவிகளோடு. போதும் என்று தோன்றியது. நேற்று திடலைத் தாண்டி நேராக ஸ்டேஷனுக்குள் நடந்தேன். ஆக்ஸினியா கத்தினாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“ஃபெராராவுக்கு.”

“அங்க யாருடி இருக்கா?”

“யாரும் இல்ல.”

“யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குடி போற?”

“அதுக்குத்தான் போறேன்.”

ரயிலில் ஏறியதும் தூங்கிவிட்டேன். டிக்கெட் பரிசோதகர் தோளைத் தட்டி எழுப்பினார். இங்கே டிக்கெட் வாங்கினால் போதாது, நடைமேடையில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது, அதில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். எனக்கு யார் சொன்னார்கள்?

“உங்க ஊர்ல டிக்கெட்டைக் குத்துற வழக்கம் இல்லையா?” என்றார்.

“எங்க ஊர்ல ரயிலே இல்ல, சிஞோர்.”

சிரித்துவிட்டார். அபராதம் எழுத உட்கார்ந்திருந்தால் அடையாளக் காகிதம் கேட்டிருப்பார். என்னிடம் இருப்பது விண்ணப்பம் போட்ட ரசீது மட்டும். ஃபெராரா வரும்வரை கதவோரத்திலேயே நின்றேன். ஆனால் இறங்கினேன். அந்த ஊரைச் சுற்றி உயரமான பழைய மதில். அதன் மேல் புல்லும் மரமும். அதில் நடந்தேன் அக்கா. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாலை வரை ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் எங்காவது போவேன். டோரினைப் படிக்கச் சொல்.

உன் தங்கை,
வியோரிகா


வலேனி, மார்ச் 9, 2003

அன்புத் தங்கை வியோரிகாவுக்கு,

நேற்று பெண்கள் தினம். பள்ளியில் எனக்கு ஒரு கொத்து பனித்துளிப்பூ தந்தார்கள். தந்தது ஏழாம் வகுப்பு, அதாவது ஆறு பிள்ளைகள். மீதிப் பேரின் அம்மாக்கள் உன்னைப்போல் போய்விட்டார்கள், பிள்ளைகளும் பின்னாலேயே போகிறார்கள். இத்தாலி வரைபடத்தை மாட்டி ‘போ’ என்னும் நதியைக் காட்டினால், “டீச்சர், எங்கம்மா இங்க இருக்கா” என்று விரலை வைக்கிறார்கள். நான் பூகோளம் நடத்துகிறேனா, காணாமல்போனவர்களைத் தேடுகிறேனா, தெரியவில்லை. முழங்கால் அப்படியேதான். காலணி சின்னது.

துடோர் பையோடு செய்தியும் கொண்டுவந்தான். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். “உங்க தங்கச்சி இப்ப நம்ம ஆளுங்களோட உட்கார்றதில்ல டீச்சரம்மா. பெரிய இடத்து மாதிரி தனியா ரயில்ல சுத்துது.” தனியாக என்ற சொல்லில் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் தேவாலயத்துக்குப் போய்விட்டது. கணவனை விட்டு வந்தவள் என்று உன்னைப் பற்றி ஊர் ஏற்கெனவே பேசுகிறது. என் கணவர் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போய்த் தொலைந்தார், அதற்கு யாரும் சிரிப்பதில்லை. நீ ஃபெராராவுக்குப் போனால் சிரிக்கிறார்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் கூட ஒருத்தியை அழைத்துக்கொள். போகிற ஊரிலாவது அர்த்தம் இருக்கட்டும். ராவென்னாவுக்குப் போ. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துச் சுவரோவியம், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளால் செய்தது. நான் பாடம் நடத்தியிருக்கிறேன், பார்த்ததில்லை. மதிலில் நடப்பதற்கு இத்தாலி எதற்கு?

உன் அறை எப்படி? கதகதப்பாக இருக்கிறதா? அதைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

உன் நலம் விரும்பும் அக்கா,
லுட்மிலா


பொலோனியா, மார்ச் 24, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. உனக்கு முழங்காலுக்குத் தடவும் களிம்பு அனுப்புகிறேன். தடவிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காராதே, எரியும்.

நீ சொன்னாய் என்று ராவென்னா போனேன். சுவரோவியம் இருக்கும் கட்டடங்களுக்கு வாசலில் டிக்கெட் கேட்டார்கள். திரும்பி நடந்தேன். ஒரு கால்வாய் இருந்தது, கப்பல்கள் வரும் கால்வாய், எண்ணெய் நாற்றம். அங்கே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். பிறகு மழை. டிக்கெட் கேட்காத ஒரு தேவாலயத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், தூங்கிவிட்டேன். கதவைச் சாத்த வந்தவர் சாவிக்கொத்தைக் குலுக்கி எழுப்பினார். கூரையில் பொன் நிறத்தில் ஏதோ இருந்தது. பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.

நீ வரைபடத்தைப் பார்த்து ஊரைச் சொல்கிறாய். நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் தெரியுமா? நடுவில் ரயில் மாறக் கூடாது, மாறுகிற இடத்தில்தான் போலீஸ் நிற்கும். இறங்கிய ஊரில் பெஞ்சு இருக்க வேண்டும். சிரிக்காதே. போன வாரம் ஒரு ஊருக்குப் போனேன், பெயர் சொல்ல மாட்டேன், அதற்கு அந்த மரியாதை வேண்டாம். ஸ்டேஷன் எதிரே பெஞ்சுகளை அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள், இரும்புக் கால்களின் குட்டை மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. காபிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“வெளிநாட்டுக்காரங்க வந்து உட்கார்ந்துக்குறாங்கன்னு எடுத்துட்டாங்க” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

“அப்ப உங்க ஊர்க் கிழவிங்க எங்க உட்காருவாங்க?”

“அவங்க எங்க வெளிய வர்றாங்க? வீட்டுல இருக்காங்க, பார்த்துக்க ஆள் இருக்கு.”

அந்த ஆளின் உட்காரும் உரிமையைத்தான் அறுத்திருக்கிறார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன், சதுக்கத்தின் நட்டநடுவில். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூட ஒருத்தியை அழைத்துப்போகச் சொல்கிறாய். அழைத்துப்போனால் அவள் கிழவியும் கூட வருவாள்.

டிக்கெட்டை இப்போது மறக்காமல் குத்துகிறேன்.

உன்,
வியோரிகா


வலேனி, ஏப்ரல் 13, 2003

வியோரிகாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. களிம்பு எரிந்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் கோபம் வந்தது. ராவென்னாவுக்குப் போய்த் தூங்கினாயா? அரசர்களின் கல்லறை இருக்கும் ஊரில் கால்வாய்க் கரையில் ரொட்டி, தேவாலயத்தில் உறக்கம். ஃபெராராவுக்கும் தூங்கிக்கொண்டேதான் போனாய். தூங்குவதற்கு ரயில் ஏறும் பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் கட்டில் இல்லையா?

கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். யாராவது இருக்கிறாரா? இருந்தால் சொல். நல்லவராக இருந்தால் எனக்கு மறுப்பில்லை, இத்தாலியராக இருந்தாலும். ஆனால் ஊர் ஊராக ஒளிந்து சந்திக்கிறவர் நல்லவராக இருக்க முடியாது.

அது கிடக்கட்டும். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: “எனக்கு எல்லா வேலையும் தெரியும்” என்பதை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வார்கள்? “நான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை” என்பதை? பள்ளியில் பிள்ளைகள் கேட்கிறார்கள். டோரினுக்குக் கடைசிப் பரீட்சைகள் வருகின்றன, செப்டம்பரில் தலைநகரில் விடுதியில் சேர்க்க வேண்டும்.

அறையைப் பற்றி இந்த முறையும் எழுதவில்லை. ஜன்னலாவது இருக்கிறதா?

அக்கறையோடு,
லுட்மிலா


பொலோனியா, ஏப்ரல் 28, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். நீ அங்கே ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று சொல்லியிருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நலம்.

யாரும் இல்லை. இருந்தால் பெருமையாகத் திடலுக்கு அழைத்துப்போய் ஆக்ஸினியாவின் மடியிலேயே உட்காரவைப்பேன்.

ஜன்னல் இருக்கிறது. பெரிய ஜன்னல், மேலே பாதி திறக்கும். வெளியே பீச் மரங்கள் பூத்திருக்கின்றன, வரிசை வரிசையாக ஓடுகின்றன.

இங்கே அவர்கள் ஈஸ்டர் ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது. நம் ஈஸ்டருக்கு நான் ஃபயென்சா போனேன். சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். யார் முட்டை உடைகிறது என்று மோதிப் பார்க்க, எதிர் முட்டை பிடிக்க ஆள் வேண்டுமே. பெஞ்சின் இரும்புக் கைப்பிடியோடு மோதினேன். பெஞ்சு ஜெயித்தது. உப்பு மறந்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தால் இவானோ மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார்.

“வியோரிகா, ஒரு யோசனை. நீ எப்படியும் சுத்தத்தான் போற. அம்மாவையும் கூட்டிட்டுப் போயேன். சக்கர நாற்காலியை ரயில்ல ஏத்த உதவி பண்ணுவாங்க. அவளுக்கும் காத்து பட்ட மாதிரி இருக்கும்.”

“அப்படின்னா அது வேலை, சிஞோர்.”

“வேலை என்ன வேலை? உல்லாசப் பயணம்! ரெண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் நான் தர்றேன்.”

“உங்க அம்மாவுக்குக் காத்து வேணும்னா உங்க கார்ல ஜன்னல் இருக்கே.”

சிஞோரா கட்டிலிலிருந்து கத்தினாள். “என்னை யாருடா கேட்டீங்க? ஃபயென்சாவுல என்ன இருக்கு, வெறும் பீங்கான் தட்டு! எங்கிட்ட இருக்குற தட்டையே எவனும் கழுவுறதில்ல!”

அவர் முகம் மாறிவிட்டது. வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். “கையெழுத்துக்கு அழைப்பு எப்ப வேணா வரும். அன்னிக்கு நான் வேலைக்கு லீவு போட்டுட்டு உனக்காக வரணும். ஞாபகம் வச்சுக்கோ. ஒருத்தருக்கொருத்தர் உதவித்தானே வாழணும்.”

அவர் வராவிட்டால் என் விண்ணப்பம் குப்பை. நான் பாதி ஆளும் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகத்தான் போனேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவேன்.

உன்,
வியோரிகா


வலேனி, மே 25, 2003

அன்புத் தங்கைக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். தாமதத்துக்கு மன்னித்துவிடு, கொஞ்சம் அலைச்சல். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிடிவாதம் பிடிக்காதே. கையைக் கூப்பிக் கேட்கிறேன். கையெழுத்து ஆகும்வரை அந்த நாற்காலியைத் தள்ளு. ஒரு கிழவியைப் பூங்காவுக்குக் கொண்டுபோவதால் உன் கிரீடம் இறங்காது. காகிதம் கைக்கு வந்ததும் நிலாவுக்கே போ. நம் ஊர் ஒருத்தியின் விண்ணப்பத்தை நிராகரித்து, அவளை எல்லையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடம் திரும்பி நுழைய முடியாதாம். அவள் இப்போது யாரோடும் பேசுவதில்லை.

மரங்கள் எப்படி ஓடும்? உன் ஜன்னல் எனக்குப் புரியவில்லை.

ரொவிகோ என்ற ஊர் உனக்கு எவ்வளவு தூரம்? வரைபடத்தில் ஃபெராராவுக்கு வடக்கே, போ நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நேர் ரயில் உண்டா? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்.

உன் அக்கா,
லுட்மிலா


பொலோனியா, ஜூன் 16, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் செய்தி: கையெழுத்து ஆகிவிட்டது. தங்கும் அனுமதி என் கையில் இருக்கிறது. நான் முழு ஆள். இனி நீ நிம்மதியாக மூச்சு விடு, பிறகு மீதியைப் படி.

நாற்காலியைத் தள்ளவில்லை. நீ கையைக் கூப்பியது என்னை ஒரு வாரம் குடைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை மதியம் மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சட்டத்தைப் படித்துக் காட்டினாள். வீட்டோடு தங்கி வேலை செய்பவளுக்கும் ஞாயிறு முழு விடுமுறை. எஜமான் தயவு இல்லை, சட்டம். “ஆனா சட்டம் உங்க சமையலறைக்குள்ள வராது, நீங்கதான் கொண்டுபோகணும்” என்றாள். கொண்டுபோனேன்.

“சிஞோர் இவானோ, அழைப்பு வந்த அன்னிக்கு நீங்க வரலைன்னா என்னை நாடு கடத்துவாங்க. சரி. மறுநாள் காலையில உங்க அம்மாவை யார் கழுவுவா?”

உள்ளே இருந்து சிஞோரா சொன்னாள். “இவனா? இவன் தன்னையே ஒழுங்காக் கழுவினதில்ல.”

அழைப்பு நாளில் அவர் எனக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றிருந்தார், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் காபி வாங்கித் தந்தார். குடித்தேன். நன்றி சொல்லவில்லை. அவர் எனக்குக் கொடுத்தது எதுவும் அவருடையது இல்லை.

நேற்று பொர்ரெத்தா. மலை ரயில், ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. தூங்கக் கூடாது என்று நினைத்தேன். சுரங்கப்பாதை வந்ததும் கண் மூடிவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு பாறைமேல் இன்னொரு தூக்கம். எழுந்தபோது பாதி முகம் சிவந்திருந்தது. திரும்பி வந்ததும் சிஞோரா, “பாதி தக்காளி வந்துடுச்சு” என்றாள்.

ரொவிகோவுக்கு நேர் ரயில் உண்டு. தட்டையான ஊர் என்கிறார்கள், நான் போனதில்லை. உன் வகுப்பில் அந்தப் பிள்ளையின் அம்மா அங்கே இருக்கிறாளா?

முத்தங்களுடன்,
வியோரிகா


பொலோனியா, ஆகஸ்ட் 18, 2003

அக்கா,

எப்படி இருக்கிறாய்? உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. துடோரைக் கேட்டால், “டீச்சரம்மா நல்லா இருக்காங்க, வேலையா இருக்காங்க” என்று வானத்தைப் பார்க்கிறான். பள்ளி விடுமுறையில் என்ன வேலை? உடம்பா? மறைக்காதே. டோரினா? ஒரு வரி எழுது.

இங்கே வெயில் மனிதர்களைக் கொல்லுகிறது. மிகைப்படுத்தவில்லை, தெருவில் தினமும் சவ வண்டி. சிஞோராவை ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த ஊர் முழுக்கக் கடலுக்குப் போய்விட்டது. முதியவர்களும் நாங்களும்தான் மிச்சம். சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் இந்த நாட்டின் அம்மாக்களை நாங்கள் உயிரோடு வைத்திருக்கிறோம். திரும்பி வந்து, பெஞ்சை ஏன் அழுக்காக்கினாய் என்று கேட்பார்கள்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் ஒன்பது மணிக்கு இவானோ வரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றேன். தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னால் கடல் சத்தம் கேட்டது. “ஆகஸ்ட்ல யாரும்மா லீவு எடுப்பா?” என்றார், கடலில் நின்றுகொண்டு. சிஞோராவை அந்த வெயிலில் தனியாக விட என்னால் முடியவில்லை. தங்கினேன். அன்று முழுதும் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, பையோடுதான் சூப் ஊட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை மறுபடி கூப்பிட்டேன். “நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் கிளம்புறேன். நீங்க இங்க இல்லைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மகன் கடல்ல இருக்கார், பேர் இதுன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன்.”

ஒன்பதுக்கு வந்தார் அக்கா. நீச்சல் கால்சட்டை, வேக வைத்த நண்டு நிறம், காலில் மணல். நான் அவரைத் தாண்டிப் போகும்போது சிஞோரா என்னைக் கூப்பிட்டாள். ஏதாவது தடுப்பாள் என்று நினைத்தேன்.

“நாப்பது வருஷம் ஞாயித்துக்கிழமை இவங்கப்பனுக்கு மாவு உருட்டினேன். ஒருத்தனும் எனக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தரல. நீ போ. போகும்போது கதவைச் சாத்து, வெக்கை வருது.”

சாத்தினேன். நேற்று மறுபடி பொர்ரெத்தா, அந்தப் பாறைக்கே.

எழுது அக்கா.

வியோரிகா


ரொவிகோ, செப்டம்பர் 7, 2003

அன்புத் தங்கை வியோரிகாவுக்கு,

மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டாயா? இன்னொரு முறை பார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். துடோரின் வேனில், பின் இருக்கையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

முன்பே சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. பள்ளியை மூடிவிட்டார்கள். மே மாதமே தெரியும். ஏழாம் வகுப்பு நான்கு பேரானது. மீதிப் பிள்ளைகளை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவார்களாம், டீச்சர் வேண்டாமாம். வரைபடத்தைச் சுருட்டிப் பரணில் வைத்தேன். மாட்டை விற்றேன். டோரின் விடுதியில் இருக்கிறான். மாஸ்கோவிலிருந்து என்ன வரும் என்று உனக்கே தெரியும்.

பாஸ்போர்ட்டில் சுற்றுலாப் பயணி விசா. தூதரகத்தில் என்ன பார்க்கப் போகிறாய் என்று கேட்டார்கள். ராவென்னா என்றேன். அரை மணி நேரம் பேசினேன், எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார் அந்த மனிதர்!

நாளை வேலையில் சேர்கிறேன். சிஞோர் எட்டோரே, தொண்ணூறு வயது, சாதுவானவராம். மருமகள் கெட்டிக்காரி மாதிரி இருக்கிறாள். “தங்குவதற்கு இடம் உண்டு” என்றாள். ஞாயிறு விடுமுறை, உன்னைப்போல. இனி நீ தனியாக அலைய வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் நான் வருகிறேன், இல்லை நீ வா. உன் அறையில் சமைக்க முடியுமா? மமலிகாக் களி கிண்டுவோம், நான் சோள மாவு கொண்டுவந்திருக்கிறேன். உன் தனிமை போதும் தங்கையே.

இந்த வீட்டில் தொலைபேசிக்குப் பூட்டு. தபாலில் எழுது.

உன்னிடம் வந்துவிட்ட அக்கா,
லுட்மிலா


பொலோனியா, செப்டம்பர் 12, 2003

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “யாரு செத்தா?” என்றாள் சிஞோரா. “யாரும் சாகல, அக்கா வந்துட்டா” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

நீ வந்தது சந்தோஷம். பள்ளியைப் பற்றிப் படித்தபோது யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை அடிப்பது என்று தெரியாததுதான் நம் நாட்டின் பிரச்சினை.

இப்போது நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு உன்னுடையது. அக்டோபர் ஐந்தாம் தேதி நான் ரொவிகோ வருகிறேன், ஸ்டேஷனில் நில். மற்ற ஞாயிறுகள் என்னுடையவை. நீ என் அக்கா, என்னை வளர்த்தவள், உனக்காகச் சாகச் சொன்னால் யோசிக்காமல் செய்வேன். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதே. அதற்காக ஒருவரோடு இந்த வருடம் முழுதும் சண்டை போட்டிருக்கிறேன். அன்போடு கேட்கிறவளுக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சண்டை எதற்கு?

தனிமை என்கிறாய். தனிமை எனக்கு வாரத்தில் ஆறு நாள், ஒரு ஆளோடு சேர்ந்து இருக்கும்போது. ஞாயிறு அது இல்லை.

ஒன்று மட்டும் செய். முதல் வாரத்திலேயே ஞாயிறு பற்றிப் பேசிவிடு, சிரித்துக்கொண்டு இல்லாமல். ஒரு முறை விட்டால் அது அவர்கள் பழக்கமாகிவிடும். மற்றதை நீயே பார்ப்பாய். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இங்கே சமைக்க முடியாது.

கோபித்துக்கொள்ளாதே.
வியோரிகா


ரொவிகோ, அக்டோபர் 1, 2003

வியோரிகா,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் ‘நலம்’ என்று எழுதுவாய்.

உன் கடிதம் வந்த அன்று உன்னைச் சபித்தேன். இதற்காகவா மாட்டை விற்று இரண்டு நாள் வேனில் குலுங்கி வந்தேன் என்று அழுதேன். பதில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன்.

இப்போது எழுதுகிறேன். என் கட்டில் சிஞோர் எட்டோரேயின் கட்டிலுக்குப் பக்கத்தில். மடக்குக் கட்டில், பகலில் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டும். “தங்குவதற்கு இடம்” அதுதான். அவர் சாதுவானவர்தான், மருமகள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரவெல்லாம் இறந்துபோன மனைவியைக் கூப்பிடுகிறார், நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுந்து விழுந்துவிடுவார். விடிந்தால் வேலை. வந்த நாளிலிருந்து ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. வாரமெல்லாம் மரத்துப்போன தலையோடு இருக்கிறேன். நேற்று உப்புக்குப் பதில் சலவைத் தூளை எடுத்தேன், நல்லவேளை வாசம் காட்டிக்கொடுத்தது.

உன் அறை எங்கே இருக்கிறது, வியோரிகா?

கதகதப்பா என்று கேட்டேன். கட்டில் இல்லையா என்று கேட்டேன். ஜன்னல் கேட்டேன். ஓடுகிற மரங்களை எழுதினாய். பூகோளம் படித்தவள் நான், ரயில் ஜன்னல் என்று எனக்கு ஏன் புரியவில்லை?

ராவென்னாவில் தூங்கியதற்கு உன்னைத் திட்டினேன். அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போடு.

நீ சொன்னபடி முதல் வாரமே பேசினேன். மருமகள் சிரித்தாள், “மாமா பழகட்டும், பார்க்கலாம்” என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு காரணம். நேற்று, பிள்ளைகளைப் பார்ப்பேனே வகுப்பில், அந்தப் பார்வை பார்த்தேன். “சிஞோரா, நான் சுற்றுலாப் பயணி. என் பாஸ்போர்ட்டிலேயே இருக்கு. சுத்தலைன்னாதான் தப்பு” என்றேன். இத்தாலிய மொழியில் எவ்வளவு சரியாக வந்தது தெரியாது. ஞாயிறு கிடைத்துவிட்டது.

ஆகவே ஐந்தாம் தேதி நீ ரொவிகோவுக்கு வராதே. நான் ஸ்டேஷனில் நிற்க மாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு என்னுடையது என்று எழுதியிருந்தாய், அதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன், தலையணை உறைக்குள் இருக்கிறது. மஞ்சள் பெட்டி எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டேன். நேர் ரயில், மாற வேண்டியதில்லை. பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை. இல்லாவிட்டால் தரையில் உட்காருவேன், நட்டநடுவில்.

எந்த ஊர் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

லுட்மிலா